கணக்கில் வராத ஆட்டம்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சின்னவன் கேட்டானே, "தாத்தா, ஆல்-ஸ்டார் ஆட்டம் கணக்குலயே வராதாமே, அப்புறம் எதுக்கு அதைப் பாக்கணும்?" என்று. பேஸ்பாலில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்கிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மோதும் அந்த ஆட்டம், சீசனின் வெற்றி தோல்விக் கணக்கில் சேராது என்பது உண்மைதான். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை, ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். இரண்டு நாளாக அதே கேள்விதான் மனதில் ஓடுகிறது. அவனுக்குப் படித்துக் காட்டு என்றுதான் எழுதுகிறேன். ஆனால் இதில் பாதி உன் கதை.

2001 ஜூலை 10 நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. ஆட்டம் நம் சியாட்டிலில், சேஃப்கோ ஃபீல்டில். டிக்கெட் வாங்கும் வசதி அப்போது நமக்கு இல்லை. ரென்டன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம், அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டே இருந்தாள். நம் ஊர் அணியான மரினர்ஸ்மேல் ஊரே பித்துப் பிடித்துக் கிடந்த வருஷம் அது. அந்த சீசனில் 116 ஆட்டம் ஜெயித்தார்கள். ஆல்-ஸ்டார் அணியில் நம் ஆட்கள் மட்டும் எட்டுப் பேர். ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோவுக்கு இங்கே அதுதான் முதல் வருஷம், ரசிகர்கள் ஓட்டில் அவர்தான் முதலிடம்.

ஆனால் அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்றால் ஊருக்கே ஆகாது. முந்தின டிசம்பரில் பத்து வருஷத்துக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் என்று மரினர்ஸை விட்டு டெக்சஸ் அணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர். ஏப்ரலில் எதிரணிச் சட்டையோடு இங்கே ஆட வந்தபோது போலி டாலர் நோட்டுகளை வீசினார்கள். ஆல்-ஸ்டார் ஆட்டத்தன்று டிவியில் அவர் முகம் தெரிந்ததும் நீ சோபாவில் ஏறி நின்று, அரங்கத்தில் எதிர்ப்புக் காட்டுகிறவர்கள் மாதிரி "பூ" என்று கத்தினாய். நானும் தடுக்கவில்லை.

ரோட்ரிகஸோடு அதே அமெரிக்கன் லீக் அணியில் இருந்த கால் ரிப்கனுக்கு அப்போது 40 வயது. அந்த சீசனோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள்கூட விடாமல் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடிய மனிதர். பால்டிமோர் அணிக்காகப் பல வருஷம் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஓடிப் பிடிக்க வேண்டிய கடினமான இடத்தில், நின்றவர். வயதான பிறகு பக்கத்திலிருக்கும் தேர்ட் பேஸுக்கு, அதாவது மூன்றாவது பேஸுக்கு, மாறியிருந்தார், அன்றைக்கும் அவர் இடம் அதுதான். ஷார்ட்ஸ்டாப் ரோட்ரிகஸுக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த இடம்.

முதல் பந்து போடுவதற்கு முன் ரோட்ரிகஸ் தேர்ட் பேஸ் பக்கம் வந்தார். "நீங்கள் அங்கே போய் நில்லுங்கள்" என்று ரிப்கனுக்கு ஷார்ட்ஸ்டாப்பைக் காட்டினார். ரிப்கன் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தார். ரோட்ரிகஸ் விடாமல் லேசாகத் தள்ளினார். வெளியிலிருந்து மேனேஜர் ஜோ டோரியும் போகச் சொல்லிச் சைகை காட்டினார். கடைசியில் அந்தப் பெரியவர் தன் பழைய இடத்துக்கு நடந்து போனார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒரே ஒரு இன்னிங்ஸ்தான். சின்னப் பையனாக இருந்தபோது ரோட்ரிகஸ் தன் அறைச் சுவரில் ரிப்கனின் படத்தை மாட்டி வைத்திருந்தவராம். அதை நான் பிறகுதான் படித்தேன்.

நீ சோபாவிலிருந்து மெல்ல இறங்கி உட்கார்ந்தாய். "அப்பா, அது அவர் இடம்தானே? ஏன் குடுத்தார்?" என்று கேட்டாய். "பெரியவங்க இல்லையா" என்றேன். நீ அதற்கப்புறம் கத்தவே இல்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் ரிப்கன் பேட்டோடு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பந்து போட வந்தவர் சான் ஹோ பார்க். அவர் போட்ட முதல் பந்தே இடது பக்க வேலியைத் தாண்டியது. ஹோம் ரன்! அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அமெரிக்கன் லீக் 4-1 என்று ஜெயித்தது, ஆட்ட நாயகன் ரிப்கன்தான்.

இப்போது சின்னவன் கேள்விக்கு வருகிறேன். அக்டோபரில், பட்டத்துக்காக ஒவ்வொரு ரன்னுக்கும் உயிரை விடும் ஆட்டத்தில், 40 வயதுக்காரரை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்த எந்த மேனேஜர் துணிவார்? கணக்கில் வராத ஆட்டம் என்பதால்தான் அன்றைக்கு அது நடந்தது. 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சியை ஒட்டி முதல் தடவை நடத்தியபோதும் ஒரே ஒரு முறை என்றுதான் நினைத்தார்கள். வசூல் கஷ்டப்பட்ட பழைய ஆட்டக்காரர்களுக்குப் போனது.

நடுவில் கணக்கில் சேர்த்தும் பார்த்தார்கள். 2002-இல் மில்வாக்கியில் பந்து போடும் பிட்சர்கள் தீர்ந்துபோய் 11 இன்னிங்ஸோடு 7-7 என்று நிறுத்த வேண்டியதாயிற்று. ஜனங்களுக்குக் கோபம். 2003 முதல் 2016 வரை, ஜெயிக்கும் லீக்கின் அணிக்கு, சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் சொந்த ஊரில் கூடுதல் ஆட்டம் ஆடும் சலுகை என்று வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை, எடுத்தது நல்லதாயிற்று. ஆனால் அந்தக் காலத்திலும், 2013-இல் நியூயார்க்கில், அந்த வருஷத்தோடு ஓய்வு பெறவிருந்த பிட்சர் மரியானோ ரிவேரா பந்து போட வந்தபோது மற்றவர்கள் யாரும் மைதானத்துக்குள் இறங்கவில்லை. அவரைத் தனியாக நிற்கவிட்டு இரண்டு அணியும் ஓரத்தில் நின்று கை தட்டின. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

சின்னவனுக்கு ஹோம் ரன்தான் பிடிக்கும் என்றால் 2025 அட்லாண்டா ஆட்டத்தைப் போட்டுக் காட்டு. 6-6 என்று சமனாகி, எந்தப் பக்கம் அதிக ஹோம் ரன் அடிக்கிறது என்று பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சில் மூன்றையும் வெளியே அனுப்பினார்.

உங்கள் பக்கம் இந்த வருஷ ஆல்-ஸ்டார் ஆட்டம் தொடங்கவே எட்டு மணி தாண்டிவிடும். அன்று ஒரு நாள் அவனைச் சீக்கிரம் தூங்கச் சொல்லாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. தொடங்கும்போது நான் ஃபோன் பண்ணுகிறேன், ஸ்பீக்கரில் போட்டு அவன் பக்கத்தில் வை. அம்மா பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா