லிஸ் ஃபேருக்குப் பூஜ்யம்

அன்புள்ள வசு,

பதில் போடாததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாடி மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். காரணம் கேட்காதே, வழக்கமானதுதான்.

இப்போது எழுதுவது அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபேருக்காக. கொஞ்ச நாளாக வீட்டில் அவள் பாட்டுதான். "இவள் பாடுகிறாளா, பேசுகிறாளா?" என்று ஹாஸ்டலில் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வாயே, அவளேதான்.

1993இல் அவளுடைய முதல் ஆல்பம் 'எக்ஸைல் இன் கைவில்' வந்தபோது சிகாகோவுக்கு வெளியே அவளை அதிகம் பேருக்குத் தெரியாது. வீட்டில் தனியாகப் பாடிப் பதிவுசெய்த கேசட்டுகள்தான் மூலதனம். மேட்டடார் என்ற சின்ன கம்பெனி வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் 1972 ஆல்பம் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'டில் 18 பாட்டு. இவளும் 18 போட்டு, ஒன்றுக்கொன்று பதில் என்றாள். திமிரைப் பார்! ஆண்கள் மேடையில் பெருமையாகக் கத்திவந்த ஆசையையும் அசிங்கத்தையும் அந்தத் தட்டையான குரலில், சண்டைக்குப் பிறகு சமையலறையில் பேசுவதுபோல் பாடிவிட்டாள். விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை வருடாவருடம் விமர்சகர்களிடம் எடுக்கும் வாக்கெடுப்பில் அந்த ஆண்டு இவள்தான் முதலிடம். அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பெண் வந்தது 1974இல், ஜோனி மிட்செல். சிகாகோவின் இசைக்கலைஞர் ஸ்டீவ் அல்பினி மட்டும் உள்ளூர்ப் பத்திரிகை சிகாகோ ரீடருக்குக் கடிதம் எழுதித் தாளித்தார்.

சரி, இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். 2003. வயது 36, விவாகரத்து ஆகிவிட்டது, கையில் சின்னப் பையன். கேபிட்டல் என்ற பெரிய கம்பெனிக்காகச் செய்த ஆல்பத்தில், பாப் பாடகி ஏவ்ரில் லவீனுக்குப் பாட்டுப் போட்ட மேட்ரிக்ஸ் குழுவோடு சேர்ந்து சில பாட்டுகள் செய்தாள். அவ்வளவுதான், விலைபோய்விட்டாள் என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசைப் பத்திரிகை அந்த ஆல்பத்துக்குப் போட்ட மார்க் என்ன தெரியுமா? பத்துக்கு 0.0. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இன்னொரு சுழி எதற்கடி?

எனக்கும் அந்த ஆல்பம் முழுக்கப் பிடிக்காது. வானொலிக்கென்று செய்த பாட்டுகளில் சர்க்கரை தூக்கல். ஆனால் அதிலேயே 'லிட்டில் டிக்கர்' என்று ஒன்று இருக்கிறது. அம்மாவின் படுக்கையில் புதிதாக ஒரு ஆள். பையன் தன் பொம்மை லாரிகளைக் கொண்டுவந்து அந்த ஆள் நன்றாகப் பார்க்கட்டும் என்று பக்கத்தில் வைக்கிறான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கும் சேர்த்தா பூஜ்யம்? இருபத்தாறு வயதில் படுக்கையறையைப் பற்றிப் பாடினால் துணிச்சல். தாயான பிறகு அதே அறையைப் பற்றிப் பாடினால் காதில் விழவே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவளுடைய உண்மை இல்லை வசு, அந்த வயது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை, போ.

பூஜ்யம் போட்டவர் 2019இல் மன்னிப்புக் கேட்டார். 2021இல் பத்திரிகையும் மார்க்கை 6.0 என்று திருத்தியது. மறுகூட்டலுக்குப் பணம் கட்டியது யாரோ!

'லிட்டில் டிக்கர்' பாட்டைக் கேட்டுவிட்டு உன் மார்க்கை எழுது. தலையணை கூடாது. ஆறுக்குக் கீழே போட்டால் உன் கல்யாண போட்டோவைத் தாடிக்கு அனுப்பிவிடுவேன்.

உன்,
கௌரி