இரண்டாம் தவணைக் கடிதமும் மார்ச் 22 லூட் இசைநிகழ்ச்சியும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடியப்போகிறது. சாதாரணதரத் தமிழ்ப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகள் மாதிரி வினாத்தாள்களைச் செய்து முடித்துவிட்டார்கள். பொங்கல் விழாவில் எல்லா வகுப்புகளும் மேடையேறின. வீணை, வயலின் வகுப்புகளுக்குப் புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். உழைத்த ஆசிரியர்களுக்கும் சமையலறையைப் பார்த்துக்கொண்ட பெற்றோருக்கும் நன்றி.

இனி, மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை விஷயம்.

இசை மாணவர்களையும் உடன்வரும் பெற்றோரையும் கிழக்கு லண்டனிலுள்ள வில்டன்ஸ் மியூசிக் ஹாலுக்கு லூட் (விரலால் மீட்டும் பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியம்) இசை கேட்க அழைத்துப் போகிறோம். ஜோன் வில்டன் 1859இல் திறந்த அரங்கு அது. 1877இல் தீப்பிடித்து, திருத்திக் கட்டப்பட்டது. 1888 முதல் நெடுங்காலம் மெதடிஸ்ட் மிஷனாக இருந்தது. மேல்மாடத்தைத் தாங்கும் முறுக்கிய இரும்புத் தூண்களைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

முற்பாதி பரோக் (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையான ஐரோப்பிய இசை): லூட் கலைஞர் சில்வியஸ் லெயோபோல்ட் வைஸின் இரண்டு நடனத் தொகுப்புகள், பிறகு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய இ மைனர் தொகுப்பின் பூரே நடனம். பிற்பாதியில் பீட்டில்ஸ் தொடங்கி இன்றைய பாடல்கள். தெரிந்த பாட்டெல்லாம் பிறகுதானே, ஆறுதலாகப் போகலாம் என்று தயவுசெய்து எண்ணவேண்டாம். அந்தப் பூரேயைத்தான் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னியும் ஜோர்ஜ் ஹாரிசனும் சிறுவயதில் கிட்டாரில் வாசிக்கப் பழகினார்கள். 1968இல் வந்த ‘பிளாக்பேர்ட்’ பாடலுக்கு அதுவே வித்து என்று மக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். முற்பாதியைக் கேட்காதவருக்குப் பிற்பாதியில் பாதிதான் விளங்கும்.

கலைஞர் வாசிக்கப்போவது 13 வரிசை (ஒன்றாக மீட்டும் ஒற்றைத் தந்தி அல்லது தந்திச் சோடி) கொண்ட பரோக் லூட். முதல் இரண்டு வரிசையும் ஒற்றைத் தந்தி, மற்றப் பதினொன்றும் இரட்டை. ஆக 24 தந்திகள். ஒரு தந்தியின் இழுவிசை 3 கிலோ அளவுதான். முகப்புப் பலகையின் தடிப்பு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். நகம் படாமல் விரற்சதையால் மீட்டுவார், ஒலிபெருக்கி கிடையாது. (வீணைப் பிள்ளைகள் மெட்டுகளைக் கவனிக்கட்டும். வீணையில்போல மெழுகில் பதித்த பித்தளை அல்ல. கழுத்தைச் சுற்றி முடிச்சிட்ட குடல் நரம்பு. நகர்த்திச் சுருதி திருத்தலாம்.) இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், லூட்டின் ஒலி மிகவும் சன்னமானது. கதவு ஒருமுறை திறந்து மூடினால் இரண்டு வரி இசை போய்விடும்.

குடல் நரம்புத் தந்தியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழையில் நனைந்த மேலங்கிகளோடு ஆட்கள் நிரம்பினால் சுருதி விலகத் தொடங்கும். அதோடு ஆறாவது வரிசைக்குக் கீழுள்ள பாஸ் (தாழ்ந்த ஒலி) தந்திகளை, வாசிக்கப்போகும் தொகுப்பின் சுரத்தானத்துக்கு ஏற்ப மாற்றிக் கூட்டவும் வேண்டும். எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருடத்தைச் சுருதி சேர்த்தே கழித்திருப்பார் என்று ஜெர்மானிய இசையறிஞர் மத்தேசன் 1713இல் கிண்டலடித்தார். சுருதி சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களை இடைவேளை என்று நினைத்துப் பலரும் பேசத் தொடங்குவார்கள். கலைஞருக்கு அமைதி மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான். ஒரு தொகுப்பில் பல நடனங்கள் வரும். கைதட்டல் கடைசி நடனத்துக்குப் பிறகு. பாஸ் தந்திகள் நெடுநேரம் ஒலிக்கும் என்பதால், அவர் கையை எடுக்கும்வரை பொறுத்திருங்கள்.

கைத்தொலைபேசியை ஒலி குறைத்து வைத்தால் போதாது, முற்றாக நிறுத்துங்கள். ஒலி நிறுத்திய தொலைபேசியிலும் அலாரம் அடிக்கும். மரக் கதிரையில் அதிர்வே பெரிதாகக் கேட்கும். கையிலுள்ள ஸ்மார்ட் கடிகாரத்துக்கும் இது பொருந்தும். பதிவுசெய்யவும் முயலவேண்டாம். சன்னமான ஒலிக்குத் தொலைபேசியின் மைக் தானாகவே உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். வீட்டில் போட்டுக் கேட்டால் லூட்டைவிடப் பக்கத்திலிருப்பவரின் மூச்சுத்தான் கூடக் கேட்கும். சிப்ஸ் பொதி வேண்டாம். இருமல் இனிப்பைக் காகிதம் பிரித்துக் கைக்குட்டையில் வைத்திருங்கள். பிள்ளைகளின் வெல்க்ரோ சப்பாத்தைத் தொடங்குமுன்பே கட்டிவிடுங்கள்.

நேரம். டவர் ஹில் நிலைய வாசலில் 2.00 மணிக்குக் கூடுகிறோம். 2.10க்கு நடக்கத் தொடங்குவோம். அரங்கின் வாசல் கிரேசஸ் அலி என்ற ஒடுங்கிய சந்துக்குள் இருப்பதால் காரை வாசலுக்குக் கொண்டுவர முடியாது. 2.45க்கு எல்லோரும் ஆசனத்தில் இருக்கவேண்டும், 3.00க்கு இசை தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்பாதைத் திருத்தவேலை வழக்கம் என்பதால் முதல்நாள் இரவே பாதையைப் பார்த்துவையுங்கள். 5.15க்கு அதே நிலைய வாசலில் பிள்ளைகளைப் பொறுப்பேற்க வேண்டும்.

வேலை, இன்னொரு பிள்ளையின் வகுப்பு, லண்டன் போக்குவரத்து எல்லாம் உங்களுக்கு இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டியிருக்கிறது. சென்ற தவணைப் பயணத்துக்கு ஆறு குடும்பங்கள் அரைமணி பிந்தி வந்தன. மாலையில் இரண்டு ஆசிரியைகள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஏழு மணிவரை தெருவில் நின்றார்கள். அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இம்முறை 2.10க்குப் பிறகு யாருக்காகவும் காத்திருக்கமாட்டோம். இசை தொடங்கியபின் வருபவர்கள், பிள்ளைகள் உட்பட, இடைவேளைவரை வெளியேதான் இருக்கவேண்டும். முன்னறிவித்தல் இல்லாமல் 5.15க்குப் பிந்துபவர்களின் பிள்ளைகளை அடுத்த பயணத்தில் சேர்க்கமாட்டோம். இதில் விதிவிலக்குக் கேட்டுத் தயவுசெய்து ஆசிரியைகளை அழைக்கவேண்டாம், என்னிடம் பேசுங்கள்.

உண்மையான சிக்கல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் வழிசெய்வோம். இரவுவேலை முடித்துவரும் பெற்றோருக்காக, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிவர மூன்று குடும்பங்கள் ஏற்கெனவே முன்வந்திருக்கின்றன. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை தோறும் நேரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெரும்பாலான பெற்றோருக்கும் நன்றி. மேலே எழுதியது உங்களுக்கானதல்ல. ஒப்புதல் படிவத்தை மார்ச் 14க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்