12 வோல்ட் விதியைத் திருத்துங்கள்: ரோபோ சாக்கர் நடத்தும் கல்லூரி ஒருங்கிணைப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு, வணக்கம்.

இந்த ஆண்டும் அதே வாக்குவாதம்தான். ரிமோட்டில் ஓட்டும் ரோபோக்கள் கால்பந்து ஆடும் போட்டி இது. சோதனை மேசையில் பேட்டரியை அளந்த மல்டிமீட்டர் 12.58 வோல்ட் காட்டியது. "லிமிட் 12தான், அலவ் பண்ண முடியாது" என்று சொல்லி, முதல் மேட்சுக்கு முன்பே ஓர் அணியை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. "ரோபோவின் எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலும் மின்னழுத்தம் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது" என்ற வரி ஒரு கல்லூரியின் சொத்தல்ல. ஒரு விதிப் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே காப்பியாகி வருவது.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. நாமினல், அதாவது பேட்டரி மேல் அச்சிட்ட கணக்கில், ஒரு செல் 3.7 வோல்ட். மூன்று செல்லைத் தொடராக இணைத்த 3எஸ் பேட்டரி 11.1. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6. "12 வோல்ட்" என்று எழுதி விற்கும் லெட் ஆசிட் பேட்டரிகூட முழு சார்ஜில் சும்மா இருக்கும்போதே 12.7 அளவில் நிற்கும். அதாவது, நீங்கள் அனுமதிக்க நினைத்த பேட்டரியே உங்கள் விதியில் தேறாது.

மேசையில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். சார்ஜை இறக்க, ரோபோவைக் கவிழ்த்துவைத்துச் சக்கரங்களைச் சும்மா ஓடவிடுகிறார்கள். லோடு இல்லாத மோட்டார் குறைவான கரண்ட்தான் இழுக்கும், சார்ஜ் இறங்க நேரமாகும். ஓடும்போது 11.9 காட்டும், நிறுத்திவிட்டு வரிசையில் நின்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி 12.1-க்கு ஏறிவிடும். சிலர் பேட்டரி வயரை வெட்டி நடுவே ஒரு 1என்5408 டயோடைச் சால்டர் செய்கிறார்கள். 0.7 வோல்ட் குறையும் என்பது கணக்கு. ஆனால் மல்டிமீட்டர் மட்டும் இழுக்கும் துளிக் கரண்டில் அவ்வளவு குறையாது. அதனால் மேசையில் மறுபடியும் தோல்வி. தப்பித்தவறிப் பாஸானாலும் அந்த டயோடு 3 ஆம்பியருக்கானது. எதிர் ரோபோவோடு முட்டிக்கொண்டு மோட்டார் சுழல முடியாமல் ஸ்டால் ஆகும் நொடியில் கரண்ட் அதைத் தாண்டும், டயோடு கொதிக்கும், அவசரத்தில் சுற்றிய இன்சுலேஷன் டேப் இளகும். லைப்போவில் வயர் ஷார்ட் ஆனால் தீதான். பாதுகாப்புக்காக எழுதிய விதி, கூட்டம் நிறைந்த அரங்கில் பேட்டரி வயரை வெட்டவைக்கிறது.

வேறு வழியில்லாமல் 2எஸ் (இரண்டு செல்) பேட்டரிக்கு இறங்கும் அணிக்கு, 12 வோல்ட்டில் 300 ஆர்பிஎம் ஓடும் மோட்டார் 7.4 வோல்ட்டில் ஏறக்குறைய 185-தான் ஓடும். மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எல்298என் ஆக இருந்தால் அதிலேயே இன்னும் 2 வோல்ட் போய்விடும். பந்தை எட்டவே முடியாது.

எங்கள் கோரிக்கை ஒன்றே. வரம்பு நாமினல் மின்னழுத்தத்துக்கு என்று எழுதுங்கள்: "நாமினல் 12 வோல்ட்டுக்குள், முழு சார்ஜில் அளந்தால் 13 வோல்ட்டுக்குள்." 3எஸ் லைப்போவும் லெட் ஆசிடும் இதில் அடங்கும், 4எஸ் வெளியே நிற்கும். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டியான ரோபோகப் ஜூனியரின் கால்பந்து விதிகளும் வரம்பை நாமினல் அளவுக்கே வைத்து, சார்ஜால் கூடும் வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கின்றன. 0.6 வோல்ட்டால் யாருக்கும் ஷாக் அடிக்காது. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸும், வெளியிலிருந்து கை எட்டும், மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கில் ஸ்விட்சும் கட்டாயமாக்குங்கள். இவை இரண்டையும் பல விதிப் புத்தகங்களில் காணவே காணோம்.

பழைய வரிகள் இன்னும் இருக்கின்றன. "ரிமோட்டில் குறைந்தது இரண்டு ஃப்ரீக்வென்சி இருக்க வேண்டும்" என்பது, இரு ரிமோட்டுகளின் சிக்னல் மோதாதிருக்க எழுதிய, 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைக் கார் காலத்து விதி. ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் தாமாகவே சேனல் மாறிக்கொண்டிருக்கும். அவற்றை வைத்திருப்பவரிடம் இரண்டாவது ஃப்ரீக்வென்சி எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்? எடை வரம்பில் பேட்டரி சேர்த்தியா? ரோபோவின் 30 செ.மீ. அளவை எடுப்பது, பந்தைப் பிடிக்கும் தடுப்பை விரித்தா, மடக்கியா? பந்து அந்தத் தடுப்புக்குள் எத்தனை செ.மீ. போகலாம்? எதுவும் எழுத்தில் இல்லை. கடைசியில் "ஒருங்கிணைப்பாளர் முடிவே இறுதியானது" என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டி, இரவு பஸ் பிடித்து வரும் அணிக்கு அது பதிலாகாது.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டாம். அடுத்த பிரோஷர் அச்சுக்குப் போகும் முன் அந்த 12 வோல்ட் வரியை மட்டுமாவது திருத்தி, போட்டிக்கு 30 நாள் முன்பே வெளியிடுங்கள். அதன்பின் மேசையில் வாய்மொழியாக எதையும் மாற்றாதீர்கள். வரைவைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், மல்டிமீட்டரோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ரோபோ சாக்கர் அணிகளுக்குப் பயிற்சி அளிப்போர்