ஆடியில் முடிந்த காரியமும் மார்கழிக் கிரகணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்பிணிகள் கிரகண நேரத்தில் கத்தி தொடக்கூடாது, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்ற செய்தி எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் மறுபடியும் வந்திருக்கிறது. இதே பேச்சால் என் மருமகளை நான் வதைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம். சுனாமி நினைவு நாளும் அதுதான். அன்று காலை, ஏழாம் மாதத்தில் இருந்த மருமகள் குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "கத்தியை வை பிள்ளை" என்றேன். "இந்தா முடிந்தது மாமி" என்றாள். மார்ச் தொடக்கத்தில் பேத்தி பிறந்தாள், மேலுதட்டில் பிளவோடு. "அன்றைக்கே சொன்னேனே" என்றேன், அவள் காதுபட, பிரசவ வார்டிலேயே. பிறகு ஊரடங்கு. ஒரே வீட்டுக்குள் ஆறு மாதம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் ஓர் இளம் டொக்டர் கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். முகம் ஒரே துண்டாக வளர்வதில்லையாம். நடுவிலிருந்து ஒரு பகுதியும் இரு கன்னப் பக்கத்திலிருந்து இரண்டும் வந்து, கரு தரித்து ஆறேழு வாரத்தில் ஒட்டி மேலுதடாகின்றன. ஒட்டாமல் நின்றால் பிளவு. வீட்டுக்கு வந்து கலண்டரை எடுத்து எண்ணினேன். ஆடி மாதம்! ஆடியில் முடிந்த காரியத்துக்கு மார்கழியில் வந்த கிரகணமா காரணம்? மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், ஒன்றும் சொல்லவில்லை.

பரம்பரைக் கூறுகள், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள், தாயின் புகைப்பழக்கம், கட்டுக்குள் வராத நீரிழிவு என்று காரணங்கள் பல. அநேகம் பிள்ளைகளில் இதுதான் என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

நாம் கவனிக்க வேண்டிய நாட்கள் வேறு. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கரு தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும். பல பெண்களுக்கு வயிற்றில் பிள்ளை இருப்பதே தெரியாது. கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் காலம் கடந்துவிடும். அதனால்தான் கருத்தரிக்க முன்பே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் குழாய் மூடாமல் போகும் குறைகளில் பெரும்பகுதியை அது தடுக்கும். புதுமணத் தம்பதிகளுக்கு நம் நாட்டில் மருத்துவ மாது மூலமே இந்த மாத்திரை கிடைக்கிறது. ஆனால் எங்கள் மாடியில் எத்தனை பேருக்குத் தங்கள் பகுதி மாதுவைத் தெரியும்? என் மகளுக்குக் கலியாணப் பதிவு முடிந்த கிழமையே நாங்கள் தேடிப்போய் வாங்கினோம்.

ஐயா, அடுத்த கிரகணத்துக்கு நேரம் போடுங்கள், கோவில் நடை சாத்தும் விபரமும் போடுங்கள். அதோடு அந்த 28 நாள் கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அப்பம்மா,
வெள்ளவத்தை, கொழும்பு 6