மின்னியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

மின்பணியாளர் பயிற்சி வகுப்பு நடத்துகிறவன் எழுதுகிறேன். எர்த் கம்பியில் ஓடும் மின்சாரம் எங்கே போய்ச் சேருகிறது என்று முதல் வாரமே கேட்பேன். "மண்ணுக்குள் போய்விடும் ஐயா" என்று வகுப்பே சொல்லும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நான் பாடம் நடத்தும் நூலில் எர்த் கம்பி தரையைத் தொட்டதும் படம் முடிந்துவிடுகிறது. அடியில் எர்த்தைக் குறிக்கும் மூன்று கோடுகள், அவ்வளவுதான்.

அப்போது மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை (மின்மாற்றியை) எடுத்து வைப்பேன். உள்ளே 230 வோல்ட், வெளியேயும் 230 வோல்ட். மின்சாரம் வெளிவரும் துணைச் சுருளுக்கும் எர்த்துக்கும் தொடர்பே கிடையாது. அதன் ஒரு முனையிலிருந்து 40 வாட் குண்டு பல்பு வழியாக எர்த்துக்கு இணைப்பு கொடுப்பேன். எரியாது. முனையை மாற்றினாலும் எரியாது. மறுமுனையையும் எர்த்தோடு சேர்த்த கணமே பல்பு பளிச்சென்று எரியும். பின்வரிசையில்கூடப் பேச்சு நின்றுவிடும்.

துணைச் சுருளில் கிளம்பிய மின்னோட்டம் அதே சுருளுக்குத் திரும்பியாக வேண்டும். வீடுகளுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியிலோ, மின்னோட்டம் திரும்பும் கம்பியான நியூட்ரலை எர்த்தோடு பிணைத்திருக்கிறார்கள். அதனால்தான், மின்னழுத்தம் உள்ள கம்பியான ஃபேஸைத் தொட்டவரின் உடலும் மண்ணும் திரும்பும் பாதையாகிவிடுகின்றன. அப்படியானால் ஏன் பிணைக்க வேண்டும் என்று ஒரு மாணவி மடக்கினாள். உயர் அழுத்தச் சுருளின் காப்பு பழுதாகித் தாழ்வழுத்தச் சுருளைத் தொட்டுவிட்டால், வீட்டுக் கம்பிகள் பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஏறிவிடக் கூடாதே!

மின்சாரம் மண்ணோடு முடிந்துவிடும் என்ற இந்தத் தவறு தேர்வுத்தாளோடு நிற்பதில்லை. ஓர் இயந்திரத்தின் உலோகக் கூட்டில் ஃபேஸ் பட்டுவிட்டது. எர்த் என்று இருப்பது மண்ணில் அடித்த ஒரு தடி மட்டுமே. பாதையின் மொத்த மின்தடை 25 ஓம் என்று வையுங்கள். 230ஐ 25ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது வழக்கமான சுமை, அசையாது. தொடுகிறவருக்காகக் கூடு காத்திருக்கும். எர்த் கம்பியை நியூட்ரலின் பிணைப்புப் புள்ளி வரை உலோகத்தாலேயே கொண்டுபோனால் தடை 1 ஓமுக்கும் கீழே இறங்கும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், பிரேக்கர் உடனே விழும். அதற்கு வழியில்லாத இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவி வேண்டும்.

அடுத்த பதிப்பில் அந்த மூன்று கோடுகளோடு நிறுத்தாமல், அம்புக்குறியை மண் வழியாக நியூட்ரலுக்கும் அங்கிருந்து சுருளுக்கும் கொண்டுபோய்ச் சேருங்கள். அரைப்பக்கம் போதும். பல்புச் சோதனையையும் சேர்ப்பதானால் ஓர் எச்சரிக்கை கட்டாயம்: துணைச் சுருள் பக்கத்துக் கசிவு, மின்சாரம் உள்ளே வரும் முதன்மைப் பக்கத்தில் உள்ள கசிவுத் துண்டிப்பானுக்குத் தெரியாது. ஆசிரியர் மட்டுமே செய்துகாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பயிற்றுநர்