சமையல் மேடையில் விழுந்த நிழல்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள ஏகாம்பரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, சமையல். கமலாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அறுபத்து மூன்று வயதில் கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. ரசம் தேறிவிட்டது. குழம்பைப் பற்றிக் கேட்காதே.

ஓசூர் வீட்டுச் சமையலறைக்கு எத்தனை வாட் விளக்கு போடலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்று மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால், 'டியூப் லைட் ஒன்று மாட்டு, போதும்' என்று முடித்திருப்பேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

சமையலறை இருட்டாக இருக்கிறது என்று கமலா எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்தாள். அவள் சொன்னபோதெல்லாம் நானும் விளக்கை மாற்றினேன். குண்டு பல்பு போய் 40 வாட் குழல் விளக்கு வந்தது. அதுவும் போய் 20 வாட் எல்இடி வந்தது. இடத்தை மட்டும் மாற்றவில்லை. வாசல் நிலைக்கு மேலே, மேடைக்கு நேர் எதிர்ச் சுவரில், எல்லா விளக்கும் அதே ஆணியில்தான் தொங்கியது. போன மாதம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவந்து மேடையில் வைத்து நறுக்கினேன். பலகை முழுவதும் என் தலையும் தோளும்தான் தெரிந்தன. விளக்கு முதுகுக்குப் பின்னால் எரிந்தால் வேறென்ன தெரியும்? சொத்தைக் காய் இரண்டு புழுவோடு வாணலிக்குப் போய்விட்டன. அதைத் தட்டில் கண்டுபிடித்தது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கமலா! 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய்க்கு நான் செய்த மரியாதை அவ்வளவுதான். அவள் திட்டவில்லை. "இப்போது தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே வாட் கணக்கை விடு. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார். மேடைக்கு மேலுள்ள அலமாரிகளின் அடியில் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது புள்ளி விளக்குகள் வரிசையாகப் பதித்த நாடா, ஒட்டச் சொல். அதையும் சுவர் ஓரமாக ஒட்டினால் டைல்ஸுக்குத்தான் வெளிச்சம். அலமாரியின் முன் விளிம்பை ஒட்டி வர வேண்டும். நான் முதலில் அவசரப்பட்டு, மலிவான ஸ்ட்ரிப்பை வாங்கிப் பிளைவுட்டில் நேராக ஒட்டினேன். சில வாரத்தில் பாதி நீளம் மங்கிவிட்டது. எல்இடிக்குச் சூடு ஆகாது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியப் பட்டை வேண்டும் என்று பிறகுதான் எலெக்ட்ரீஷியன் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டைக்கு மேல் பால் நிறத்தில் ஒரு மூடி வரும், அதை விட்டுவிடாதே. உன் மேடையும் பளபளக்கும் கறுப்பு கிரானைட்தானே? மூடி இல்லாவிட்டால் ஒவ்வொரு புள்ளி விளக்கும் கல்லில் தெரிந்து கண்ணில் குத்தும்.

நம் வயதில் இது சின்ன விஷயமில்லை. அறுபது வயதில் கண்ணின் பாப்பா சுருங்கி, வில்லை மஞ்சளாகிவிடுகிறது. இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நமக்குள் போகிறதாம். வெளிச்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் கூசவும் கூடாது. விளக்கு மறைவில் இருக்க, வெளிச்சம் மட்டும் பலகையில் விழுந்தால் இரண்டும் சரியாகிவிடும்.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் சாம்பாரும் நீலம் பாய்ந்த மாதிரி இருக்கும். 2700 போனால் மஞ்சள். சாப்பிடும் இடத்துக்கு அழகு, அரிசியில் கல் பொறுக்க உதவாது. நான் 4000-இல் நின்றுவிட்டேன். அதைவிட முக்கியம் பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருக்கும் எண். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் மாதிரி அது. பெரும்பாலான விளக்குகளில் அது 80. தேடினால் 90 கிடைக்கும், விலையும் கொஞ்சம் ஏறும். தாளிக்கும்போது வெங்காயம் பொன்னிறமா கருகலா, தக்காளி பழுத்ததா செங்காயா என்பதெல்லாம் அந்த 90-இல்தான் ஒழுங்காகத் தெரிகிறது. என் குழம்பு கெடுவதற்கு மட்டும் விளக்கு காரணமில்லை என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

ஃபால்ஸ் சீலிங் போட்டு நடுவில் ஆறு விளக்கு பதிக்கப்போவதாக எழுதியிருந்தாய். நடுவில் பதித்தால் உன் வீட்டிலும் அதே நிழல்தான், ஆறாகப் பிரிந்து விழும். ஓட்டை போடுவதற்கு முன் ஓர் இரவு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மேடை முன்னால் நில். விளக்கு வரப்போகும் இடத்தில் உன் மகனை ஏணியில் ஏற்றி டார்ச் பிடிக்கச் சொல். உன் கை பலகையில் நிழலாக விழுந்தால் அந்த இடத்தை மேடை விளிம்புப் பக்கம் நகர்த்து. மேடைக்கும் நடுக்கூரைக்கும் தனித்தனி ஸ்விட்ச் வை. நடுராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவனுக்கு ஆறு விளக்கும் எரிய வேண்டாம்.

மாத முடிவில் கமலாவுக்கு இன்னொரு கண். அது முடிந்ததும் இருவரும் வருகிறோம். பிரியாணி உன் பொறுப்பு. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் நான் கொண்டுவருகிறேன், இந்த முறை புழு பார்த்துத்தான்.

உன்,
தாமோதரன்