வட்டாரக் கூட்டம் ஊர்தோறும் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்னார்வத் தோட்டக்கலைச் சங்கங்களின் வட்டாரக் கூட்டங்களுக்கு வருவோர் குறைந்துவிட்டதால், இனி அவற்றைக் காணொலி வழியாகவே நடத்திக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெட்ரோல் செலவு, நெடுஞ்சாலைப் பயணத்தின் அலுப்பு, முதிய உறுப்பினர்களின் சிரமம் என்று அவர் சொன்ன காரணங்கள் அனைத்தும் உண்மையே. ஆனாலும் அவர் காட்டும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் நடப்பதால் கூட்டத்துக்கு ஆள் குறையவில்லை. எப்போதும் டர்பனில், அதே மண்டபத்தில், ஒரு செடிகூடக் கண்ணில் படாமல் நடப்பதால்தான் குறைகிறது. வரவு செலவு ஒப்புதல், அறிக்கை வாசிப்பு போன்றவற்றைத் தாராளமாகக் காணொலிக்கு மாற்றலாம். வட்டாரக் கூட்டத்தை மட்டும் ஊர் ஊராகச் சுழற்சி முறையில் ஏதாவது ஒரு தோட்டத்தில் நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் நில அமைப்பை நினைத்துப் பார்த்தாலே இதன் தேவை விளங்கும். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது; உறைபனி என்பது எங்களுக்குக் கேள்விப்பட்ட செய்தி மட்டுமே. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உள்ளே போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்னும் வடமேற்கே லேடிஸ்மித் 1000 மீட்டரை எட்டிவிடுகிறது. நம் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் வீடுகளில் கத்தரிச் செடி மெதுவாகவேனும் காய்த்துக்கொண்டிருக்கும்போது, லேடிஸ்மித்தில் அதே செடி ஒரே இரவுப் பனியில் கருகிப்போகிறது. டர்பன்காரர் எழுதிய விதைப்புக் கால அட்டவணையை மாகாணம் முழுவதற்கும் அச்சடித்துக் கொடுத்தால், மேட்டு நிலத்து உறுப்பினருக்கு அதனால் என்ன பயன்? அவர்கள் வைக்கோல் மூடாக்கு இடும் விதத்தையும், குளிர்கால வெயில் விழும் வடக்குப் பார்த்த சுவர் ஓரமாகக் கறிவேப்பிலையை வைத்துப் பனியிலிருந்து காப்பாற்றும் விதத்தையும் அங்கே போய்ப் பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

இதைவிட அவசரமான காரணம் ஒன்றும் உண்டு. ஷாட் ஹோல் போரர் எனப்படும் துளைப்பான் வண்டு தென்னாப்பிரிக்காவில் இருப்பது 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேசியத் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில்தான் அடையாளம் காணப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த அந்த வண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டர்தான். அது மரத்துக்குள் குடைந்து செல்லும்போது ஒரு பூஞ்சணத்தையும் கூடவே கொண்டுசெல்கிறது. அந்தப் பூஞ்சணம் நீரோட்டக் குழாய்களை அடைப்பதால் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. பட்டையில் பேனா முனை அளவே உள்ள துளை, அதைச் சுற்றிக் கசிந்த கறை, சில மரங்களில் மெல்லிய மரத்தூள், வெண்ணெய்ப்பழ மரத்திலோ துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து நிற்கும் சர்க்கரைத் தூள் என்பவைதாம் அடையாளங்கள். இவற்றைத் திரையில் ஆயிரம் முறை காட்டினாலும், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, பட்டையை விரலால் தடவி, "இதோ, இதுதான்" என்று காட்டுவதற்கு ஈடாகாது. நம் வீட்டுக் கொல்லைகளில் வெண்ணெய்ப்பழ மரம் இல்லாத வீடு அரிது. காலி மனைகளில் தானாக முளைத்துக் கிடக்கும் ஆமணக்கிலும் இந்த வண்டு இனம் பெருக்கும். எனவே இது பூங்காக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் பிராய் எனும் இறைச்சி சுடும் அடுப்புக்கென்று ஊரிலிருந்து விறகு ஏற்றி வரவே கூடாது என்பதை அழைப்பிதழிலேயே தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். விறகோடு சேர்ந்தே இந்த வண்டு ஊர் விட்டு ஊர் போகிறது.

செடி, விதை பரிமாறும் மேசையிலும் இதே கவனம் வேண்டும். எலுமிச்சை இலையின் மேற்புறம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, அடிப்புறம் குழி விழுந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது எலுமிச்சை இனத்தைத் தாக்கும் சைலிட் பூச்சியின் வேலை. இலைகள் மஞ்சளித்து மரத்தையே நலிவடையச் செய்யும் கிரீனிங் நோயையும் அதுவே பரப்புகிறது. ஆகவே எலுமிச்சை, ஆரஞ்சுக் கன்றுகளை அந்த மேசையில் வைக்கவே வேண்டாம். விதைகளுக்கு அந்தத் தடை தேவையில்லை. சொல்லப்போனால், கறிவேப்பிலை விதை போன்றவற்றுக்கு நேரில் கைமாற்றுவதுதான் சிறந்த வழி. பழுத்த கறுப்புப் பழத்தின் சதையைக் கழுவி நீக்கிச் சில வாரங்களுக்குள் ஊன்றாவிட்டால் அதன் முளைப்புத் திறன் போய்விடும்.

கூட்டத்தை ஏற்று நடத்த ஊர்கள் தயங்குவதற்கு உண்மையான காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. "எங்கள் கொல்லை சின்னது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்ற கூச்சமே அது. இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த காய்கறித் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டு, சாட்ஸ்வொர்த்தின் சரிவான சிறு மனைகளில் மறுபடியும் மண்ணைக் கொத்தத் தொடங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். அகன்ற புல்வெளியும் ரோஜாப் பாத்திகளும் எங்களிடம் இல்லை. என் தெருவில் ஒரு பாட்டி, வீட்டுக்குப் பின்னே செங்குத்தாக இறங்கும் சரிவில் மூன்று படிகளாக மண்ணை வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெட்டிவேரை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார். மேல் படியில் வெண்டையும் மிளகாயும், நடுவில் அவரைப் பந்தல், தண்ணீர் தேங்கும் கீழ்ப் படியில் நாம் மடும்பி என்று வாங்கும் சேப்பங்கிழங்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனையோ சரிவுகள் வீடுகளோடு இடிந்து இறங்கியபோது அவருடைய படிகள் அப்படியே நின்றன. வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழாகப் பல அடி ஆழம் இறங்குவதை அவர் ஓர் ஓரத்தைத் தோண்டியே காட்டுவார். சரிவில் குடியிருக்கும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் எந்த மண்டபத்தில் கிடைக்கும்?

விருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூட்டம் நடத்துவதென்றால் பிரியாணி அண்டா ஏற்ற வேண்டும் என்ற வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. அந்தச் செலவுக்கும் வேலைக்கும் அஞ்சியே பல கிளைகள், குறிப்பாக ஆள் குறைந்த கிளைகள், பின்வாங்குகின்றன. சமையலறையில் நிற்கும் பெண்கள் தங்கள் தோட்டத்தைத் தாங்களே சுற்றிக்காட்டக்கூட முடிவதில்லை. தேநீரும் சுண்டலும் போதும். மதிய உணவை அவரவர் கட்டிக்கொண்டு வரட்டும். புரட்டாசியில் நடத்தினால் பெரும்பாலான வீடுகளில் சைவம்தான் என்பதால் அதுவும் எளிதாகிவிடும். நமக்கு அது வசந்தத் தொடக்கம், கோடை மழைக்கு முன்னே நாற்றுவிடும் பருவம். தோட்டம் பார்க்கவும் அதுவே ஏற்ற காலம். சனிக்கிழமைகளில் பூஜை இருக்குமாதலால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்ளலாம்.

பயணச் சிரமத்தைக் குறைக்க, மண்டப வாடகைக்குச் செலவாகும் பணத்தைக் கொம்பி எனும் சிற்றுந்தின் வாடகைக்குத் திருப்பினாலே முதியோர் பலர் வர முடியும். காலை ஒன்பது மணிக்குத் தோட்டம் பார்க்கத் தொடங்கி, வெயில் ஏறியபின் நிழலில் அமர்ந்து பேசி, பிற்பகல் இரண்டு மணிக்குள் புறப்பட்டால் தொலைவிலிருந்து வருவோரும் இருட்டுவதற்குள் வீடு சேரலாம். பக்கத்து ஊர்களில் மடும்பியும் சோளமும் பயிரிடும் சூலு இனத்துப் பெண்களையும் முறையாக அழைக்க வேண்டும். இந்த மண்ணை நம்மைவிட நெடுங்காலமாக அறிந்தவர்கள் அவர்கள்.

வரும் புரட்டாசியில் முதல் சுழற்சிக் கூட்டத்தை ஏற்று நடத்த எங்கள் கிளை ஆயத்தமாக இருப்பதைச் செயலாளர் வழியாக மையக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறோம். அடுத்த கூட்டங்களை ஏற்க முன்வரும் கிளைகள் ஜூலை மாதத்துக்குள் குழுவுக்கு எழுதினால், ஆண்டு முழுவதற்குமான அட்டவணையை விதைப்புக் காலத்துக்கு முன்பே வெளியிட முடியும்.

இப்படிக்கு,
கிளை உறுப்பினர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.